பதினெட்டு லிட்டர்

பகாவ் அரசாங்கக் கிளினிக்கில்
செவ்வாய்க்கிழமை முதுகுகளின் நாள்.
ஏழாம் எண்ணுக்கு லோகாம்பாள் எழுகிறார்,
தொடைகளில் இரு கையும் ஊன்றி,
வேறு யாரையோ தூக்கிவிடுவதுபோல்
தன்னைத் தூக்கிக்கொண்டு.

வயது ஐம்பத்தொன்று.
செம்பனைக் காட்டில் மருந்தடிப்பு.
முதுகில் பதினெட்டு லிட்டர் பம்ப்,
இருபத்திரண்டு வருஷம்.

குப்புறப் படுக்கச் சொல்கிறேன்.
துவைத்தும் போகாத களைக்கொல்லி வாசம்.
கழுத்தடியில் துருத்தும் ஏழாம் எலும்பிலிருந்து
விரல் இறங்குகிறது.
நெஞ்சுக்கூட்டின் பன்னிரண்டும்
ஒன்றின்மேல் ஒன்று சரிந்த கூரையோடுகள்.
கீழே ஐந்து,
குட்டை, அகலம், சுமைக்கு அளவெடுத்தவை.
நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்
விரல் நிற்கிறது.
அவர் மூச்சும்.

"அங்கதான்."

எலும்பு எல்லாருக்கும் ஒரே கணக்கு.
சதைதான் ஆளைச் சொல்லும்.
இடது அக்குளிலிருந்து இடுப்புக்கு விரியும் அகன்ற தசை
நனைந்த கயிறாய்த் தடித்திருக்கிறது;
வலப்பக்கம் அதில் பாதிகூட இல்லை.
இடது கை பம்ப் பிடியை ஏற்றி இறக்க,
வலது கை குழலை லாலான் புல்லுக்கு நீட்ட.
கேட்காமலே தெரிந்துவிட்டது.
ஆனாலும் கேட்டேன், ஒரு நாளைக்கு எத்தனை?
"பம்ப்பா? பன்னெண்டு, பதினஞ்சு.
புடிய அழுத்துறத யாரு எண்ணுனா?"

தோள்களில் வார் தேய்த்த இரண்டு கறுப்புத் தடங்கள்.
முதுகுத்தண்டின் இருபுறமும்
நிமிர்த்தித் தசைகள்.
படுத்தபின்னும் வேலை முடியவில்லை என்று நம்பி
விறைத்துக் கிடக்கின்றன.
கட்டைவிரலால் அழுத்துகிறேன்.
விடுங்க, விட்டுடுங்க, என்கிறேன்.
"நான் எங்க புடிச்சிருக்கேன்?" என்கிறார்
தலையணைக்குள்ளிருந்து.

ஜன்னலோரம் கொக்கியில் தொங்குகிறது
பிளாஸ்டிக் முதுகெலும்பு.
பிதுங்கிய தட்டுக்கு மட்டும் சிவப்புச் சாயம்.
வாலெலும்பை எந்தப் பையனோ
கழற்றிக்கொண்டு போய்விட்டான்.
வெளியே வளையம், உள்ளே கூழ்,
வளையம் கிழிந்தால் கூழ் வந்து நரம்பைத் தொடும்
என்று நான் சொல்லிக்கொண்டிருக்க,
அவர் எழுந்து அதைக் கொக்கியிலிருந்து எடுத்தார்,
கையில் ஏந்தி எடை பார்த்தார்
சந்தையில் புடலங்காய் பார்ப்பதுபோல்.

"இவ்வளவுதானா?"

மேசைமேல் நிறுத்தினார். சாய்ந்தது.
திருப்பி நிறுத்தினார். சாய்ந்தது.
"சதை இல்லாம எப்படி நிக்கும்,"
தனக்கே சொல்லிக்கொண்டு மாட்டிவிட்டார்.
இதைப் படிக்க எனக்குக் கல்லூரியில்
ஒரு பருவம் முழுக்க ஆயிற்று.

பயிற்சி காட்டினேன்.
முழங்காலும் உள்ளங்கையும் தரையில்,
வலது கை முன்னால், இடது கால் பின்னால்,
பத்து எண்ணும்வரை.
"உதிரிப் பழம் பொறுக்குற மாதிரி" என்று சிரித்தவர்
ஆறில் நிறுத்திவிட்டார்.
மூன்று நாள் எம்.சி. எழுதினேன்.
அதை நாலாய் மடித்துக் கைக்குட்டைக்குள் வைத்தார்.
நாலாம் நாளைப் பற்றி
இருவரும் பேசவில்லை.

சொக்சோ பாரம் மிச்சமிருந்தது.
சம்பவம் நடந்த தேதி. நேரம். இடம்.
தேதிக்கு எட்டுக் கட்டங்கள்,
ஓர் இலக்கத்துக்கு ஒரு கட்டம்.
இருபத்திரண்டு வருஷத்தை
எந்தக் கட்டத்திலிருந்து தொடங்குவது?

லோகாம்பாள் குனிந்து பார்த்தார்,
இடுப்பை வளைக்காமல்,
முழங்காலை மட்டும் மடித்து.
இன்று கற்றுக்கொடுத்ததை உடனே செய்கிறாரே என்று நினைத்தேன்.
நான் அதைக் கற்றுக்கொடுக்கவேயில்லை.

"போன மாசம் மழைக்கு அப்புறம் ஒரு திங்கக்கெழம,
மேட்டுல காலு வழுக்குச்சு.
அதப் போடலாமா?"

விழுந்தீங்களா?

"விழல.
பம்ப்பு ரொம்பி இருந்துச்சு, எப்படி விழுறது?
அப்படியே புடிச்சு நின்னுட்டேன்."

பேனா மூடியைப் போட்டேன்.
கழற்றினேன்.
வெளியே எட்டாம் எண் இருமுகிறது.