மூணாவது முட்டை

ஸ்டான்லியில் நைட் டூட்டி டாக்டர்
பேனாவால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார்:
"என்னய்யா சாப்பிட்ட?"

ஐஸ் உருகிப்போன இறாலா,
ராத்திரி வடித்து மத்தியானம் கிளறின சோறா,
வெட்டிவைத்த தர்பூசணியா, மயோனைஸா,
அவரே ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுக்கிறார்
சாட்சிக்குச் சொல்லித் தருகிற வக்கீலாட்டம்.

எனக்குத் தெரியும்.

கல்மண்டபம் முனை, எப்சிபா அக்காவின் அத்தோ வண்டி.
கத்திரி வெயிலில் ரெண்டு மணிக்கு அவித்து,
கீறி, வறுத்த வெங்காயம் அடைத்து,
தகர டப்பாவில் பத்தரை வரை காத்திருந்த முட்டை.
"மூணுதான் மிச்சம். ரெண்டு நீ துன்னு.
காசு வேணாம், லோடு அடிச்சிட்டு வர்ற."
வாயில் வைக்கும்போதே ஒரு வாடை.
பூண்டு மறைத்தது.
பசி அதைவிட நன்றாய் மறைத்தது.

பேர் சொன்னால்
காலையில் லாரி வரும்,
நூடுல்ஸ் மேல் பினாயில் ஊற்றுவார்கள்.
வண்டிக்கு வாங்கின தண்டல்
இன்னும் முப்பத்தொரு நாள் பாக்கி.

"வூட்ல பழைய மீன்கொழம்பு சார்."

தண்ணியை ரெண்டு தடவை கொதிக்கவைக்கிற சுந்தரவல்லி
என்னைப் பார்க்கவில்லை.
சொட்டும் குளுக்கோஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி இருக்கும்.
வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் சக்கரம் கிறீச்சிட்டது,
சுருண்டு கிடந்த உடம்பில்
எண்ணெய்ப் புகை வாசம்.
"என்னம்மா சாப்பிட்ட?"
"வூட்டுச் சோறுதாம்மா."

சுந்தரவல்லி மெல்ல எழுந்து போய்
அக்கா காலில் மாட்டியிருந்த ஒற்றைச் செருப்பைக்
கழற்றி ஓரமாய் வைத்தாள்.