நான் வைத்த பெயர்

தௌகவா ஆறு உறைந்து கிடக்கும் மாதங்களில்
ரீகாவில் ஒன்பது மணிக்குத்தான் விடியும்.
அதற்கு முன்பே நான் வேலைக்குப் போய்விடுவேன்.

என் வேலை பெயர் வைப்பது.
பிள்ளைகளுக்கு அல்ல.
எந்திரம் இரவெல்லாம் சலித்து
காலையில் என் மேசையில் கொட்டிவைக்கும்
மனிதக் குவியல்களுக்கு.

குவியலுக்கு முகம் கிடையாது.
விரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது,
எந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனது,
நள்ளிரவில் போன் எந்த அறையில் கிடந்தது,
இவ்வளவுதான்.
யாரும் அள்ளிக் கொடுத்ததில்லை, யாரும் மறுத்ததுமில்லை.
'ஏற்கிறேன்' என்ற பச்சைப் பொத்தானை
ஈ ஓட்டுவதுபோல் எல்லோரும் தட்டிவிடுகிறார்கள்.
நானும்தான்.

எந்திரத்துக்கு எண் போதும்.
காசு கொடுக்கிறவர்களுக்குப் பெயர் வேண்டும்.
ஆகவே
2290, மருத்துவரிடம் இன்னும் போகாதவர்கள்.
3056, சம்பளத்துக்கு முந்தின வாரத்துக்காரர்கள்.
3871, நாய் செத்து, இன்னொரு நாய்க்கு மனம் வராதவர்கள்.
இதற்கு ராய்விஸ் எழுந்து நின்று கைதட்டினான்.
நாய் பிஸ்கட் கம்பெனி மட்டும்
ஆறு வாரம் கழித்து வாங்கிக்கொள்கிறோம் என்றது.

நவம்பரில் 4417 வந்தது.
இந்த ஊரில் மட்டும் அறுநூற்றுச் சொச்சம் பேர்.
ஒற்றைக் கட்டில்.
இரண்டு கோப்பைக்கு மேல் கொள்ளாத கெட்டில்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அறை வீடு.
வங்கிக் கணக்கைப் பிரிப்பது எப்படி,
தேடிய சுவடை அழிப்பது எப்படி.
(அதையும் தேடித்தான் பார்த்திருக்கிறார்கள், பாவம்.)
மாணவர்களாய் இருக்கும் என்றான் ராய்விஸ்.
வயதைப் பார்த்தேன். நாற்பத்தேழு. ஐம்பத்திரண்டு.
'இன்னும் சொல்லாதவர்கள்' என்று தட்டினேன்.
நல்ல பெயர். நல்ல விலைக்குப் போனது.
அன்று மாலை எனக்கே எனக்கென்று
ஒரு துண்டு தேன் கேக் வாங்கிக்கொண்டேன்.

ஒரே கூரைக்குக் கீழ் உறங்கும் போன்களை
எந்திரம் ஒரே குடும்பமாகத்தான் பார்க்கும்.
ஒருவர் இருமினால் மற்றவருக்கு மருந்து காட்டும்.
குந்திஸ் மீன்பிடி நாற்காலி தேடிய வாரம்
என் திரையில் பனி துளைக்கும் கருவி சுழன்றது.
சிரித்தோம்.
அப்போதெல்லாம் சிரித்தோம்.

ஜனவரி, ஞாயிறு.
அவன் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிறான்.
நான் பின்னல் நூல் பார்க்கிறேன்.
ஓரத்தில் ஒரு கட்டில்.
தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம்.
வீட்டுக்கே கொண்டுவந்து பூட்டித் தருவார்களாம்.
தள்ளிவிட்டேன்.
கெட்டில்.
இன்னும் கீழே
ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூன்றாம் மாடி, ஓர் அறை,
'உங்களுக்கே உங்களுக்கான காலை வெளிச்சம்.'
அந்த வரியும் எனக்குத் தெரியும்.
இரண்டு வரிகளில் எது விற்கும் என்று கேட்டார்கள்,
இதைத்தான் சொன்னேன்.

விரல் நின்றது.
எத்தனை நொடி என்று எனக்குத் தெரியாது.
அதற்குத் தெரியும்.

"என்ன பார்க்கிறாய், வெல்கா?"
"நூல்."
"விலை ஏறிவிட்டதா?"
"கொஞ்சம்."

தோல் ஒரே சுருளாக, அறுபடாமல் இறங்கிக்கொண்டிருந்தது.
பத்தொன்பது வருடமாக அப்படித்தான் சீவுகிறான்.
அதை எந்தக் குவியலிலும் நான் பார்த்ததில்லை.

திங்களன்று நாலே தட்டு போதும்,
எங்கள் முகவரியில் எந்தப் போன்
எந்தத் தேதியில் 4417-இல் விழுந்தது என்று காட்டிவிடும்.
செய்யக் கூடாது. விதிகளை அச்சடித்து
காபி எந்திரத்துக்கு மேல் ஒட்டியிருக்கிறார்கள்.
விதிக்குப் பயந்து அல்ல,
வேறு எதற்கோ பயந்து
காபியோடு திரும்பி வந்துவிட்டேன்.

குவியலில் ஓர் ஆள் கூடியிருந்தது.
பெயரை மாற்றத் தேவையிருக்கவில்லை.

மாலை டிராமில்
போன் மடியில் ஒருமுறை அதிர்ந்தது.
கெட்டில் சிவப்பா, வெள்ளையா என்று கேட்டது.