பதினொரு நிமிடக் காற்று

நீர்மூழ்கி நந்தனைக்
கப்பலின் அடித்தட்டில் வைத்துப் பூட்டியது
நான் ஒன்பதாவது படிக்கும்போது.
முதுகில் பதினொரு நிமிடக் காற்று.
கடைசிக் கட்டத்தின் மூலையில்
எறும்பளவு எழுத்தில் 'தொடரும்'.

தொடரவில்லை.

ஆண்டுச் சந்தா நூற்றிருபது ரூபாய்
மணியார்டர் கட்டியிருந்தேன்.
கல்மண்டபம் தபால்காரர்
என்னைக் கண்டாலே சைக்கிளை எதிர்ச்சாரிக்குத் திருப்புவார்.
ஆசிரியருக்கு மூன்று கடிதம்.
மூன்றாவதில் கொஞ்சம் கெட்ட வார்த்தை.

இருபத்திரண்டு வருடம்.
ஸ்டான்லியில் இப்போது எனக்கு
சிலிண்டர் முள்ளைப் பார்த்துக்கொள்கிற வேலை.
பதினொரு நிமிடம் எவ்வளவென்று தெரியும்:
ஒரு ட்ராலி, ஓடாத ஒரு லிஃப்ட்,
சாவி யாரிடம் என்று நடக்கும் ஒரு சண்டை.

போன மாதம் அவன் திரும்பி வந்தான்.
இதழ் எண்: ஒன்று.
அந்த ஒன்றுதான் எனக்கு எரிந்தது.
அப்படியானால் பழைய இருபத்தாறு இதழும்
நடக்கவே இல்லையா?
வழவழத் தாள். இருநூற்றைம்பது ரூபாய்.
கடலுக்கு என்னென்னவோ நீலம்.
பழைய இதழில் கடல் கறுப்பு,
விரலில் ஒட்டிக்கொள்ளும் மைக் கறுப்பு,
காசிமேட்டில் விடிவதற்கு முன் பார்க்கிற அதே கடல்.
மீசையை எடுத்துவிட்டார்கள்.
அடித்தட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எப்படி வெளியே வந்தான்,
யார் திறந்தது?

ஓமானிலிருந்து ரூபன் வாய்ஸ் அனுப்பினான்:
"அக்கா, இன்னொரு புக்கு பாத்துட்டு முடிவு பண்ணு.
என்கிட்ட எத்தினி வாட்டி பேசாம இருந்து
திருப்பிப் பேசிக்கீற?"
நீ தம்பி, அது புத்தகம் என்றேன்.

செய்தித்தாள் கட்டோடு அதையும் சேர்த்து
மூலக்கொத்தளம் கவுஸ் கடையில் எடைக்குப் போட்டேன்.
தராசு காலியாகும்வரை பொழுது போகாமல்
கவுஸ் அதைப் புரட்டினார்,
எச்சில் தொட்டு, அந்த வழவழத் தாளை.
"ஏம்மா, இவன் ஏன் ஒரு கதவையும்
சாத்தவே மாட்டேங்கறான்?
கக்கூஸ் கதவுகூட தொறந்தே கெடக்குது பாரு."

பார்த்தேன்.

மூன்று ரூபாய் பெறாத எடையை
இருபது கொடுத்து மீட்டேன். கவுஸ் வியாபாரி.

வீட்டில் உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு கதவு.
லாட்ஜ் அறையில்
இடுக்கில் செருப்பை வைத்துவிட்டுத் தூங்குகிறான்.
ஒரு வரி விளக்கம் கிடையாது.
யாரோ ஒருவர்,
பின்னட்டையில் பொடி எழுத்தில் பெயர் போட்ட ஒருவர்,
இத்தனை வருடமும்
அந்த அறைக்குள் அவனோடு இருந்திருக்கிறார்.
என் மூன்றாவது கடிதம் அவர் கையில் கிடைத்திருக்குமோ
என்று நினைத்ததும்
காது சுட்டது.

மீசை இல்லாதது இன்னும் பிடிக்கவில்லை.
சில இடத்தில் வசனம் பற்பசை விளம்பரம் மாதிரி.
நீலத்தை மன்னிப்பதாக இல்லை.

இரண்டாம் இதழ் இன்று வந்தது.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டிருந்தான்.
வண்டியை அணைத்து, ஹேண்டில்பார் மேல் விரித்தேன்.
டேங்கர் டேங்கராகச் சரக்கு ரயில்
எண்ணூர்ப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது.
நாலாம் பக்கத்தில் ஒரு பெண்
நந்தன் பின்னாலேயே நுழைந்து
கதவைச் சாத்துகிறாள்.
தெரியாமல்தான். காற்று அடிக்கிறதே என்று.

ஐந்தாம் பக்கம் முழுக்க அவன் முகம்.
வசனம் இல்லை.
மீசை இருந்த இடத்தில் வியர்வை.

கேட்டைத் தூக்கிவிட்டான்.
பின்னால் ஆட்டோ, தண்ணி லாரி,
"யக்கா, படிக்கிற எடமா இது?"

வண்டியை ஓரமாக உருட்டி நிறுத்தினேன்,
ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தபடி.
போகிறவர்கள் போகட்டும்.
அடுத்த ரயிலுக்கு மறுபடி போடுவான்.