தீர்மானம் எண் ஏழு

முதல் ஆறும் பத்தே நிமிடம்.
தெருவிளக்கு, ஓடை, சமுதாயக் கூடத்து ஒழுக்கு.
குலசேகரம் பஸ் கடைசியாய்த் திரும்பும் ஊர் இது.
நான் இங்கே ஊராட்சிச் செயலர்;
கைகளை எண்ணி, எண்ணத்தை எழுதுகிறவன்.

ஏழாவதை வாசிக்க எழுந்தார்
ரப்பர் கடை யேசுவடியான்.
நாகர்கோவிலில் தட்டச்சு செய்து
பிளாஸ்டிக் உறை போட்ட தாள்:

அரசு நிலம் அனைவருக்கும் பொது.
அதில் பொழுதுபோக்காக வேட்டையாடுவது
மக்களின் உரிமை.
அவ்வுரிமையைக் காக்க மாநில அரசு
சட்டம் இயற்ற வேண்டுமென்று இச்சபை கோருகிறது.

'பொழுதுபோக்கு' வரும்போது மட்டும்
குரலைத் தாழ்த்தினார்,
கல்யாண வீட்டில் இரண்டாம் லட்டு வைப்பதுபோல.

கைகள் உயர்ந்தன. நிறையவே.
வேட்டைக்காக அல்ல, மரச்சீனிக்காக.
வறுவேல் ஒரு கிழங்கைக் கொண்டுவந்திருந்தார்,
பாதி கடித்தது, மண்ணோடு.
மேசையில் என் பதிவேட்டின் மேலேயே வைத்தார்.
அந்தப் பக்கத்தில் இன்னும் பால் கறை.

வனவர் செண்பகவல்லி எழுந்தார், திருநெல்வேலிப் பேச்சு:
"காட்டெல்லையில இருந்து மூணு கிலோமீட்டருக்குள்ள
ஒரு பன்னியையும் சுடக்கூடாது.
அதத் தாண்டினா நாங்க சுடுவோம்.
நீங்க இல்ல."

அன்றே போனில் அளந்து பார்த்தேன்.
எங்கள் வீட்டு அடுக்களை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மீட்டர்.
கக்கூஸ் மூவாயிரத்துக்குச் சற்று அப்பால்.

அப்புறம் அஜிதா.
அணைக்கு அக்கரையில் காணிக்காரர் குடியிருப்பு,
அதன் வார்டு உறுப்பினர். வயது முப்பதுகூட இல்லை.
போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினாள்.

"எங்க அப்பனுக்க கேசுக்கு இது பதினோராவது வருசம்.
ஒரே ஒரு முள்ளம்பன்னி.
பத்மநாபபுரம் கோர்ட்டுக்கு
ஒரு தோணி, ரண்டு பஸ்ஸு.
அண்ணைக்கு அப்பனுக்கு இந்தச் சொல்லு தெரியல்ல.
'பசிச்சுது'ண்ணு சொல்லிப் போட்டாரு.
பொழுதுபோக்குண்ணு சொல்லியிருந்தா
விட்டிருப்பாவளோ?"

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு எதிர்ப்பு ஒண்ணும் இல்ல.
ஒரு வரி மட்டும் சேருங்கோ.
தோக்குக்கு அனுமதி குடுக்கையில
எங்க நாப்பத்தெட்டு வீட்டுக்க பேரும் மொதல்ல வரணும்.
ஞாயித்துக்கிழம எங்களுக்கும் உண்டும்.
எங்களுக்கும் பொழுது போகாண்டாமா?"

மின்விசிறி ஓடுவது அப்போதுதான் கேட்டது.

யேசுவடியான் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
"அது வேற, இது வேற" என்றார்.
எது எது என்று யாரும் கேட்கவில்லை.
அவருக்கே தோக்கு கையில் இல்லை.
தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்தது,
ஓட்டு எண்ணி மாதம் நான்காகியும்
அங்கேதான் கிடக்கிறது, பழைய வேட்டி சுற்றி.

"எழுதி அனுப்புங்க," என்றார் செண்பகவல்லி,
"இது டெல்லிச் சட்டம்.
கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரும்."
அதற்குள் உளுந்து வடை வந்துவிட்டது.
சபை தானாகவே கலைந்தது.

முன்மொழிந்தவர்: தி. யேசுவடியான்.
வழிமொழிந்தவர்:
வறுவேலின் பின்னால் வாசல்வரை போனேன்.
"எனக்க பேரு வேண்டாம் சாரே.
எனக்கு வேலி போதும்.
வேலிக்குத் தீர்மானம் எப்பம்?"
கிழங்கை எடுத்துக்கொண்டே போனார்,
கடிபடாத பாதி கறிக்கு ஆகுமாம்.

இரவு பதினொன்று. பதிவேடு வீட்டில்.
அடுக்களைக்கும் கக்கூஸுக்கும் நடுவே
சேம்பைப் பறிக்கும் சத்தம்.
டார்ச் அடித்தேன்.
ஒரு தாய், வரி போட்ட ஐந்து குட்டிகள்.
தாய் மட்டும் தலை தூக்கிற்று,
மற்றவற்றுக்கு நேரமில்லை.
உள்ளேயிருந்து அவள் கேட்டாள், "யாரு அது?"
யாருமில்லை என்று சொல்லிவிட்டுக் கதவடைத்தேன்.

நாளை நகல் வாங்க அஜிதா வருவாள்.
சீல் வைத்து வேண்டுமாம்,
அப்பனின் வக்கீலிடம் காட்ட.
அவள் சொன்ன வரியைத் தேடுவாள்.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்,
எந்த இடத்தில் நுழைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.