நாற்பத்தோராம் புளி

பள்ளிக்கூடத்தில் என் பேர் தேவாங்கு.
முழி பெரிது, கை குச்சி.

இப்போது அமாவாசைதோறும்
ஒடுகத்தூர் சாலையில் தேவாங்கு எண்ணுகிறேன்.
டார்ச்சைச் சுற்றிய சிவப்புக் கண்ணாடித்தாள்
பூங்காவனத்தின் வளையல் கடையில் வாங்கியது.

பஸ் நிழற்குடைக்காக
நாற்பத்தோராம் புளியை வெட்டினார்கள்.
கிளைவழி போன பாதை
அங்கே அறுந்தது.
மனுக் கொடுத்தோம். முத்திரை குத்தினார்கள்.

குழுச் சேமிப்பில் கிணற்றுக்கயிறு வாங்கினோம்.
கேபிள்காரர் ஏணியில் ஏறி
தில்ஷாத்தின் மகன்
நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இழுத்துக் கட்டினான்.
ஏழு வாரம் காக்கைதான் உட்கார்ந்தது.
"துணியாவது காயப்போடுங்க"
என்றது நிழற்குடை.

நேற்று, கடைசி பஸ் போனபின்
கயிற்றின் நடுவில் இரண்டு கனல்.
வயிற்றோடு ஒட்டி, சின்னதாய்
இன்னும் இரண்டு.

பூங்காவனம் நோட்டை நீட்டினாள்.
இரு, என்றேன்.
குச்சிக் கை ஒன்று,
பிறகு ஒன்று.
அதற்கு அவசரமே இல்லை.