முப்பத்து மூன்று

ஜஹ்ராவில் ஜூலை.
வெளியே ஐம்பதைத் தொட நிற்கிறது வெயில்.
பச்சைத்தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கொதிநீர்.
உள்ளே நான்
ஒரு மனிதனைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொன்றுக்கு வேலையை நிறுத்தச் சொல்லும் கோடைச் சட்டம்.
பூவலிங்கம் விழுந்தது பத்து நாற்பதுக்கு,
நாலாம் மாடிச் சாரத்திலிருந்து.
ஹெல்மெட் இருந்ததாம்.
வியர்வை தாளாமல் வாரைத் தளர்த்தியிருந்தானாம்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகவில்லை.
தலைப்பாகை முதலில் போயிற்று,
தலை பின்னால் வந்தது.

ஆம்புலன்ஸிலேயே தொடங்கிவிட்டார்கள்.
நரம்பில் குளிர்ந்த சலைன்,
அக்குளில், கவட்டில் ஐஸ் பொட்டலங்கள்.
அடிபட்ட மூளை வீங்கும்,
மண்டையோடு இடம் கொடுக்காது.
வீக்கம் முற்றுமுன் குளிர் அங்கே போய்ச் சேர வேண்டும்.
போய்ச் சேர.
இந்த வார்டில் இப்படிப்பட்ட சொற்களைப்
பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நிச்சயமான வைத்தியமா என்றால், இல்லை.
எங்கெங்கோ செய்து பார்த்திருக்கிறார்கள்.
குளிர்ந்தவர்களும் குளிராதவர்களும்
ஏறக்குறைய ஒரே கணக்கில் எழுந்தார்கள்,
ஒரே கணக்கில் எழவில்லை.
அதையும் சொல்லிவிட்டுத்தான்
டாக்டர் ஹனான் அரபியில் ஒரு சொல் சொன்னார்.
இருந்தாலும், என்று நான் எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தேழிலிருந்து முப்பத்து மூன்றுக்கு.
நடுக்கம் வரக்கூடாது, நடுங்கினால் உடம்பு சூடேறும்.
அதற்கும் மருந்து ஓடுகிறது.
குளிரில் நடுங்குகிற உரிமையையும்
எழுதி, கையெழுத்திட்டு, எடுத்துக்கொண்டோம்.

மாலை ஆறுக்கு செய்யது மசூது வந்தான்.
கேம்பில் கீழ்ப்படுக்கை இவன், மேல்படுக்கை அவன்.
சிமெண்டுத் தூசியோடு பூட்ஸ், கையில் ஒரு சார்ஜர்.
'அவன் போன் ஆஃப் ஆயிருச்சு சிஸ்டர்,
முழிச்சா மொதல்ல அதத்தான் கேப்பான்.'
பேசிக்கொண்டே கையைத் தொட்டான்.
தொட்ட கையை வெடுக்கென்று இழுத்தான்.
'சில்லிட்டுப் போச்சே...'
சுவரோடு சுவராகச் சரிந்து இறங்கினான்.

கண் குளிர என்போம், மனம் குளிர என்போம்,
பசித்தவன் தின்றால் வயிறு குளிர்ந்தது என்போம்.
நல்லதற்கெல்லாம் குளிரைக் கொடுத்த வாய்
உடம்பு குளிர்ந்தால் மட்டும்
ஒப்பாரிக்குத் திறக்கிறது.

'சாகல தம்பி. நாங்க செஞ்சதுதான் இது.'
மானிட்டரைக் காட்டினேன். நம்பவில்லை.
அவன் விரல்களைப் பிடித்து
பூவலிங்கத்தின் மணிக்கட்டில் அழுத்தினேன்.
கம்பி கட்டுகிறவன், எண்ணிக்கை புதிதில்லை.
உதடு அசைய எண்ணினான்.
நாற்பத்தெட்டு.
'கொறச்சலா இருக்கே' என்றான்.
மெதுவாகத்தான் ஓடும் என்றேன்.
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான்.

அப்போதுதான் ஊரிலிருந்து அன்னபுஷ்பம் அழைத்தாள்.
மசூது போனை என்னிடம் நீட்டிவிட்டான்.
'ஏசி அவுகளுக்கு ஒத்துக்காது சிஸ்டர்.
ஒரு போர்வ மட்டும் போத்தி விட்ருங்க.'
போத்தியிருக்கும்மா, என்றேன்.
பொய் இல்லை.
போர்வை இருந்தது.
அதன் குழாய்களுக்குள்
பனித்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சூடேற்றத் தொடங்கினோம்,
மணிக்குக் கால் டிகிரி.
அவசரப்பட்டால் அழுத்தம் ஏறும்.
இறக்கிய வேகத்தில் ஏற்ற முடியாது யாரையும்.
நான் கிளம்பும்போது முப்பத்து நாலு புள்ளி இரண்டு.
கண்ணில் டார்ச் அடித்தோம்:
இடது சுருங்கியது,
வலது யோசித்தது.
தலைமாட்டில் அவன் போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது,
நூறு சதவீதம்.
யாரும் அதைக் கழற்றவில்லை.

இரவு ஏழரை. பஸ் ஸ்டாப்.
இருட்டியும் வெயில் போகவில்லை.
என் விரல்களில் இன்னும் அந்த ஐஸ்.
இரும்புக் கைப்பிடியைப் பிடித்தேன். சுட்டது.
விடவில்லை, கொஞ்ச நேரம்.