பதினேழாம் பக்கம்

மாலை ஆறுக்கு விசிறிகளைப் போட்டுவிட்டால்
விடியும்வரை கொழுந்துக்கு வாடுகிற வேலை,
எனக்குப் பார்த்திருக்கிற வேலை.
மஸ்கெலியா மழை தகரத்தில் இரைய
மூன்றாம் மாடியில், ஒற்றை பல்பின் கீழ்
சாக்கை மடித்துப்போட்டு உட்காருவேன்.
மணிக்கொரு தரம் எழுந்து
ஒரு பிடி இலையை இறுக்கிப் பார்க்கவேண்டும்.
கை திறந்ததும் பந்து விரிந்தால்
இன்னும் நேரமிருக்கிறது.
நேரமிருந்தால் புத்தகம்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் ஓயாத வழக்கு.

கட்டிலுக்கடியில் பழைய தேயிலைப் பெட்டியில்
படிக்காதவை இருபத்து மூன்று.
சம்பளப் பாக்கி வந்த கையோடு
கொழும்புக்குப் போய் அள்ளிவந்தவை ஒன்பது.
ஹட்டனில் ஒரு வெளியீட்டு விழா,
மண்டபத்தில் மொத்தம் பதினொரு பேர்,
கூச்சத்தில் வாங்கியது ஒரே கவிதைத் தொகுப்பில்
இரண்டு பிரதி.
மிச்சமெல்லாம் கனடாவுக்குப் போன
ஸ்டோர் கிளார்க் இன்னாசிமுத்து
சாக்கில் கட்டி என் தலையில் வைத்துவிட்டுப் போனது.

பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு
நான் எடுத்துவருவதோ
அட்டையில்லாத அந்தப் பழைய நாவலை.
பத்தொன்பது வருஷமாக.

அதில் முதல் பதினாறு பக்கம் இல்லை.
தலவாக்கலை பஸ் நிலையத்தில்
கடலை சுற்றுகிறவனிடமிருந்து
மிச்சத்தைக் காசு கொடுத்து மீட்டேன்.
தொடக்கம் ஏற்கெனவே
யார் யார் கையிலோ உப்பும் எண்ணெயுமாய்
பஸ் ஏறிப் போயிருந்தது.

எனவே எனக்குக் கதை இப்படித் தொடங்கும்:
"என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்."

என்ன சொல்லிவிட்டு?

இருபது வயதில்
'இனி இந்தப் பக்கம் வராதே.'
சம்பளம் கேட்டு வேலைக்குப் போகாத மாசத்தில்
'கேட்டது தப்பா?'
மகள் பிறந்த மூன்றாம் நாள்
'மெதுவா, இப்பதான் தூங்குறா.'
ரத்தினமலர் குவைத்துக்குப் போனபிறகு வெகுகாலம்
'சோறு மூடி வச்சிருக்கு.'

அச்சு மட்டும் மாறவில்லை.
நாற்பத்தோராம் பக்கத்தில்
'மழை கொட்டியது' என்று வரவேண்டிய இடத்தில்
'மலை கொட்டியது' என்றிருக்கும்.
இங்கேயிருந்து படிக்கிறவனுக்கு
அது பிழையென்று தெரியவே
நாலு தரம் படிக்கவேண்டியிருந்தது.

போன ஆனியில்
மழை விட்ட ஒரு ஞாயிறு
பெட்டியை இழுத்து லயத்து வாசலில் பரப்பினேன்.
பூஞ்சணத்துக்குப்
படித்தது படிக்காதது என்று பேதமில்லை.
இன்னாசிமுத்துவின் சாக்கில் வந்த ஒன்று,
நீல அட்டை, கேள்விப்படாத தலைப்பு.
துணியால் துடைத்துக்கொண்டே
நடுவில் விரித்தேன்.

மலை கொட்டியது.

ஆறு வருஷம்
அதன் மேல்தான் படுத்திருக்கிறேன்.

மூன்று இரவு மாடிவரை கொண்டுபோய்
திறக்காமலே கொண்டுவந்தேன்.
நான்காம் இரவு,
இலை இன்னும் விறைப்பாக இருந்த நேரம்,
முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
பதிப்பாளர் குறிப்பு.
ஊரின் ஒரே தெருவைப் பற்றி மூன்று பக்கம்.
யாருடையதென்று கடைசிவரை தெரியாத ஓர் ஆடு.
பிறகு படலையில் ஒருவன்,
தோளில் படுக்கைவிரிப்பு மூட்டை.
பதினாறாம் பக்கத்தின் கடைசி வரியில்
அவனிடம் அவள் சொல்கிறாள்:
'இன்றைக்கு ஒன்றும் வேண்டாம்.'

அவ்வளவுதான்.

சிரித்தேன்.
விசிறிச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

மலருக்கு அழைத்தேன். அங்கே இன்னும்
பாத்திரம் கழுவி முடியவில்லை.
சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம்.
"அப்ப இத்தனை வருஷமா
நீங்க எனக்குச் சொன்னதெல்லாம்
யாரு சொன்னது?"
இலை பார்க்க நேரமாச்சு என்றேன்.
உண்மையிலேயே ஆகியிருந்தது.
இறுக்கிய பந்து
அவசரமில்லாமல் விரிந்துகொண்டிருந்தது.

முழுப் பிரதியை
டிரையரில் நிற்கிற செபஸ்தியானிடம் கொடுத்துவிட்டேன்.
"நல்ல கதையா?"
"பதினேழாம் பக்கத்திலிருந்து."
கிழிந்தது என்னிடம்.

பெட்டியில் இப்போது இருபத்திரண்டு.
அதில் இரண்டு
ஒரே கவிதைத் தொகுப்பு.